பக்கத்து நிறம்

பிடித்த நிறம் எது என்று குழந்தைகளிடம் கேட்கிறோம். அவர்களும் யோசிக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். வளர்ந்த பிறகும் அந்தப் பதிலை விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. எனக்கு நீலம், அவளுக்கு எப்போதும் மஞ்சள் என்று. கொஞ்ச நாளாக இந்தக் கேள்வியே எனக்கு நெருடலாக இருக்கிறது. தனியாக ஒரு நிறத்தை யார், எங்கே பார்த்தார்கள்? கம்பளி நூல் விற்கும் கடையில் அலமாரியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துக் கையில் வைத்துப் பார்க்கும்போதுகூட அதைச் சுற்றி விரல்கள் இருக்கின்றன, விரலுக்கும் ஒரு நிறம் இருக்கிறது, மேசைமேல் விரித்த ரெக்ஸின் இருக்கிறது, தலைக்கு மேலே டியூப் லைட் எரிகிறது. புடவைக் கடையில் விவரம் தெரிந்த பெண்கள் புடவையை வாசல்வரை தூக்கிக்கொண்டு போய் வெயிலில் காட்டிப் பார்ப்பார்கள். கடைப் பையன் பின்னாலேயே ஓடுவான். வெளிச்சம் நிறத்தை மாற்றிக் காட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, அதில் ஏமாறாமல் இருக்கப் பழகிவிட்டோம். பக்கத்தில் வந்து உட்காரும் இன்னொரு நிறம் அதைவிடப் பெரிய வேலையைச் செய்துவிடும் என்பதைத்தான் கடையில் நின்று கண்டுபிடிக்க முடிவதில்லை. பின்னிய பிறகு, நெய்த பிறகுதான் தெரிகிறது. அதற்குள் நூலை வெட்டியாகிவிட்டது.

மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுத் துணியை எடுத்துக்கொள்வோம். பாவு நீலம், ஊடை பச்சை. நேராகப் பார்த்தால் ஒரு நிறம், சாய்த்துப் பார்த்தால் வேறொன்று. கொசுவம் மடிந்து விழும் இடத்தில் இரண்டிலும் சேராத மூன்றாவது. துணியின் ஓரத்தில் நூலைப் பிரித்துப் பார்த்தால் நீல இழை வரும், பச்சை இழை வரும், மயில்கழுத்து இழை என்று ஒன்று வரவே வராது. எந்தச் சாயக்காரரும் அந்த நிறத்தைத் தொட்டியில் முக்கி எடுக்கவில்லை. இழைக்கு மேல் இழை ஏறி இறங்கும் இடத்தில், இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாத நம் கண்ணின் இயலாமையில் அது உண்டாகிறது. அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம், பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குகிறோம், கல்யாணப் பேச்சில் அந்த நிறத்துக்காக மனஸ்தாபம்கூட வந்திருக்கிறது. பொருளாக அது எங்கும் இல்லை. தறியில் அதே நீலப் பாவை வைத்துக்கொண்டு ஊடையை மட்டும் சிவப்பாக மாற்றினால் கத்தரிப்பூ நிறம் வந்துவிடும். நீலம் தன் இடத்தை விட்டு நகரவே இல்லை, அதன் குறுக்கே போனது மட்டும்தான் மாறியது. அப்படியானால் நீலம் பிடிக்கும் என்று சொல்கிறவர் இந்த இரண்டு துணியில் எதைப் பிடிக்கும் என்று சொல்கிறார்?

பிரான்சில் இந்தச் சிக்கல் ஒரு புகாராகத்தான் வந்தது. 1824-இல் மிஷெல் யூஜீன் ஷெவ்ரல் என்ற வேதியியலாளரை பாரிஸில் உள்ள கோப்லான் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக நியமித்தார்கள். அரண்மனைச் சுவர்களில் தொங்கும் பெரிய சித்திரச் சீலைகளை நெய்கிற இடம் அது. அங்கே வந்த குறைகளில் ஒன்று, கறுப்பு சரியில்லை என்பது. நீல, ஊதா ஆடைகளின் மடிப்பில் நிழல் காட்ட வைக்கும் கறுப்பு வலுவில்லாமல் வெளிறித் தெரிகிறது என்றார்கள். ஷெவ்ரல் வேறு பட்டறைகளின் கறுப்புக் கம்பளியை வரவழைத்துத் தங்கள் கறுப்போடு வைத்துப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. கறுப்பைக் கெடுத்தது அதன் பக்கத்தில் இருந்த நீலம். நீலத்தை ஒட்டி வைத்த கறுப்பின்மீது நம் கண் நீலத்துக்கு எதிரான ஆரஞ்சுச் சாயலைக் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கிறது, அதனால் கறுப்பு வெளுத்ததாகத் தோன்றுகிறது. இதிலிருந்து கிளம்பிய ஆராய்ச்சியை அவர் 1839-இல் பெரிய புத்தகமாகக் கொண்டுவந்தார். ஓவியர்கள் அதைப் படித்ததும், புள்ளி வைத்து ஓவியம் தீட்டும் ஒரு பள்ளியே அதிலிருந்து ஊக்கம் பெற்றதும் கலை வரலாற்றில் இருக்கிறது. எனக்கு அதைவிட அந்தப் புகார்தான் பிடித்திருக்கிறது. சாயத்தை இன்னும் கெட்டியாக்கிக் கொடுத்திருந்தால் கொஞ்ச நாளைக்கு எல்லோர் வாயும் மூடியிருக்கும். ஷெவ்ரல் 102 வயதுவரை இருந்தார். எதிலும் அவசரப்படாத மனிதராக இருந்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

ஓவியருக்கு இந்தத் தொல்லை பாதிதான். தட்டில் சிவப்பையும் வெள்ளையையும் குழைத்தால் இளஞ்சிவப்பு கிடைக்கும், போதவில்லை என்றால் இன்னும் ஒரு சொட்டு. பின்னுகிறவருக்கு அந்த வழி கிடையாது. சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்துப் பின்னினால் சிவப்பும் வெள்ளையும்தான் கிடைக்கும். எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு வேண்டுமானால் அது இளஞ்சிவப்பு. கைவேலையில் நிறம் கண்ணி கண்ணியாகத்தான் வருகிறது, அரைக் கண்ணி சிவப்பு என்று ஒன்று இல்லை. ஓவிய ஆசிரியர் ஜோசப் ஆல்பர்ஸ் தன் மாணவர்களுக்கு நிறப் பயிற்சி கொடுத்தபோது வண்ணக்குழம்பைவிட வண்ணக் காகிதத்தையே விரும்பினார். காகிதத்தையும் கலக்க முடியாது, வெட்டிப் பக்கத்தில் வைக்கத்தான் முடியும். ஒரே காகிதத் துண்டை இரண்டு வெவ்வேறு பின்னணியில் ஒட்டி, இரண்டு நிறமாகத் தோன்ற வைப்பது அவர் கொடுத்த பயிற்சிகளில் ஒன்று. 1963-இல் வந்த அவருடைய புத்தகத்தின் பேச்சு முழுக்க இதுதான். அவர் மனைவி ஆனி ஆல்பர்ஸ் நெசவாளர். ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப் பள்ளியில் அவர் 1922-இல் சேர்ந்தபோது பெண்கள் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பப்பட்டார்கள். அவருக்கும் அங்கேதான் இடம் கிடைத்தது, மனமில்லாமல்தான் போனார். ஒரே வீட்டில் ஒருவர் காகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்க, இன்னொருவர் இழையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். நிறம் பற்றி உலகம் கேட்டது கணவரிடம்தான். அந்தக் காகிதப் பயிற்சிக்கும் தறிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அரக்கும் பச்சையும் நல்ல ஜோடி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. உடல் முழுக்க அரக்கு, நாலு விரல் அகலத்துக்குப் பச்சைக் கரை என்றால் பட்டு தானாகவே நிமிர்ந்து நிற்கும். அதே அரக்கையும் அதே பச்சையையும் கம்பளி நூலில் வாங்கி, ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணி மாற்றிப் பின்னிப் பாருங்கள். மடியில் இருக்கும்வரை அழகாகத்தான் இருக்கும். கொடியில் மாட்டிவிட்டு அறையின் மறுகோடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் ஈரமண் நிறத்தில் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு நிறமும் ஒன்றையொன்று தூக்கிவிட வேண்டுமானால் இரண்டுக்கும் தனித்தனியாகப் பரந்த இடம் வேண்டும். நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று அணைத்துவிடும். அனுபவப்பட்ட பின்னல்காரர்கள் இதற்கு ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். உருண்டைகளைச் சேர்த்து வைத்து ஃபோனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுப்பது. அரக்கும் அடர் பச்சையும் அந்தப் படத்தில் ஒரே சாம்பலாக விழுந்தால், நெருக்கமான பூவேலைக்கு அந்த ஜோடி உதவாது என்று அர்த்தம். நிறத்தை அறிய நிறத்தை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார்கள், அதுவும் இதே காரியத்தைத்தான் செய்தது. நிறம் மாறும் வரிசையையும் கவனிக்க வேண்டும். முன்பக்கத்தில் பழைய நிறம் முடியும் இடத்தில் புதிய நிறம் சுத்தமாக, ஒரே கோடாகத் தொடங்கும். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தால் கோடே இருக்காது. முடிந்துபோன நிறம் புள்ளி புள்ளியாக மேலேறி அடுத்த நிறத்துக்குள் நின்றுகொண்டிருக்கும். அவசரத்தில் திருப்பிப் போட்ட ஸ்வெட்டர்களைப் பார்க்கும்போது இந்தப் பக்கமே நன்றாக இருக்கிறதே என்று எனக்குப் பல தடவை தோன்றியதுண்டு.

நீலகிரியில் தோடர்கள் இப்படித் திருப்பிப் போடுவதையே வழக்கமாக வைத்திருக்கிறார்கள். பூத்குளி என்ற அவர்களுடைய போர்வையில் வெள்ளைப் பருத்தித் துணிமேல் சிவப்பும் கறுப்புமாக நூல்வேலை இருக்கும். வரைந்துகொண்டு தைப்பதில்லை, துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி போடுகிறார்கள். நமக்கு எது பின்பக்கமோ, நூல் புடைத்துச் சொரசொரப்பாக இருக்கிறதே, அதுதான் அவர்களுக்கு நல்ல பக்கம். வேலைக்கு முக்கியமாக இரண்டே நிறம், துணியின் வெள்ளையைச் சேர்த்தால் மூன்று. நிறத்தோடு விளையாட வேண்டும் என்றால் நிறைய நிறம் வேண்டும் என்று கடைகள் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. தோடப் பெண்களின் கையில் இருப்பதைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெள்ளையில் எவ்வளவு இடம் விடுவது, கறுப்புக் கட்டத்துக்குள் சிவப்பை எங்கே நிறுத்துவது என்பதிலேயே ஒரு சமூகம் இவ்வளவு காலம் அலுக்காமல் இருந்திருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளில் வளர்ந்த ஃபேர் ஐல் பின்னலிலும் ஒரு வரிசைக்கு இரண்டு நிறத்துக்கு மேல் போகக்கூடாது என்பது கட்டளை. மூன்றாவது நூலைச் சேர்த்தால் பின்னால் ஓடும் நூல்கள் தடித்துத் துணி விறைத்துவிடும். வரிசைக்கு இரண்டு, ஆனால் அந்த இரண்டு அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும், எனவே முழு ஸ்வெட்டரில் பத்துப் பன்னிரண்டு நிறம் வந்துவிடும். பார்க்கிறவர் எத்தனை நிறம் என்று மலைப்பார், பின்னுகிறவர் விரலில் எந்த நேரமும் இரண்டே நூல்தான் இருக்கும். இதற்கு நேர் எதிர்த் திசையிலும் ஆட்கள் உண்டு. அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஓவியர் கேஃப் ஃபாசெட் ஸ்காட்லாந்தில் ஒரு நூல் ஆலையில் மயங்கி இருபது நிறங்களில் நூல் வாங்கிவிட்டு, லண்டன் திரும்பும் ரயிலில் சக பயணியான ஒரு பெண்ணிடம் பின்னக் கற்றுக்கொண்டவர். முதல் ஸ்வெட்டரிலேயே இருபதையும் நுழைத்துவிட்டார். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1988-இல் அவருக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. அவருடைய வேலைகளின் படங்களைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் கண் உட்கார இடம் தேடுகிறது. எனக்குத் தோடர் பக்கம்தான் மனம் சாய்கிறது. இதை ரசனை என்று எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பு என்று வேண்டாம்.

என்னை உண்மையில் தொந்தரவு செய்வது வேறொன்று. நிறத்தோடு விளையாடுவது என்கிறோமே, விளையாடுவது யார்? காஞ்சிபுரத்தில் கோர்வை நெசவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்பதால் மூன்று நாடா ஓட வேண்டும். உடலின் இழையும் கரையின் இழையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் கைகோத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தறியில் உட்கார, இன்னொருவர் பக்கத்தில் இருந்து கரை நாடாவைத் தள்ளுவார். முந்தானைக்கு நிறம் மாற வேண்டுமானால் பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை முறுக்கிச் சேர்க்கும் பெட்னி வேலை இருக்கிறது. நிறம் மாறும் ஒரு கோட்டுக்காக இவ்வளவு கை உழைப்பு. ஆனால் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதைப் பெரும்பாலும் தறிக்காரர் முடிவு செய்வதில்லை. பட்டும் ஜரிகையும் கொடுக்கும் முதலாளி முடிவு செய்கிறார், அவருக்குக் கடை சொல்கிறது, கடைக்குப் போன சீசனின் விற்பனை சொல்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் எம்.எஸ். ப்ளூ என்றே பெயர் வாங்கிவிட்ட நீலத்தை நெசவு முதலாளி முத்துச் செட்டியார் அவருக்காக உருவாக்கினார் என்பது பதிவாகியிருக்கிறது. பாடியவர் பெயரும் தெரியும், நெய்வித்தவர் பெயரும் தெரியும். அந்த நீலத்தைத் தொட்டியில் முக்கிய கை எது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. தனக்குப் பிடிக்காத ஜோடியை நாள் முழுக்கக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு நெய்கிறவரின் மனநிலையைப் பற்றி நம் புடவை இலக்கியம் எதுவும் பேசுவதில்லை.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா வயர் கூடை பின்னுகிறார். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று எந்த முடிச்சு கேட்டாலும் போடுவார். சாதாரண முடிச்சை ஒரு தடவை கிட்டத்தில் பாருங்கள். அளவாக வெட்டி நிறுத்திய வயர் ஒன்று, ரோலிலிருந்து உருவி ஓட்டுகிற வயர் ஒன்று, இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து இறுகும்போது மேலே நாலு சிறு கட்டங்கள் தெரியும்; குறுக்காக இரண்டு ஒரு நிறம், மற்ற இரண்டு இன்னொரு நிறம். எந்த முடிச்சிலும் பாதி நிற்கிற வயருக்குச் சொந்தம். நிற்கிற வயர் வெள்ளையாக இருந்தால் ஓடுகிற நிறமெல்லாம் கொஞ்சம் அடங்கிக் கறுத்துத் தெரியும். கறுப்பாக இருந்தால் அதே நிறங்கள் எரியும். அக்காவுக்கு இது தெரியும். வெள்ளை நிறுத்தி ராணி கலர் ஓட்டினால் கோயிலுக்கு, கறுப்பு நிறுத்தி ராணி கலர் ஓட்டினால் ஆபீஸுக்கு என்பார். அது என்ன கணக்கு என்று எனக்குப் புரிந்ததில்லை, ஆனால் சொன்ன மாதிரியே ஆட்கள் வந்து வாங்கிப் போகிறார்கள். அவர் வீட்டு அடுப்படியில் ஓர் ஆணியில் வேறொரு கூடை தொங்குகிறது. மிஞ்சிய துண்டுகளில் பின்னியது. மஞ்சள் ஒரு பக்கத்தில் பாதிகூடப் போகாமல் தீர்ந்து, தீர்ந்த இடத்திலேயே ஊதா தொடங்குகிறது. ஊதா மூலை திரும்பி இரண்டு முடிச்சு போனதும் பாட்டில் பச்சை. கைப்பிடியில் ஒன்று சிவப்பு, ஒன்று பழுப்பு. வெங்காயம் வாங்கப் போகும் கூடை. தெருவில் அதைப் பார்த்த யாரோ விலைக்குக் கேட்டிருக்கிறார்கள். "மிச்சம் மீதியில பின்னுனது தம்பி. இதப் போயி எப்படி விக்கிறது?" என்றார் என்னிடம். வெட்கம் மாதிரித்தான் இருந்தது குரல். கேட்டவர்கள் விடவில்லை, அதே மாதிரி வேண்டும் என்று ஆர்டரே கொடுத்துவிட்டார்கள். மிச்சம் கைவசம் இல்லை. அக்கா கடைக்குப் போய் நிறத்துக்கு ஒன்றாகப் புது ரோல்கள் வாங்கிவந்து, துண்டு துண்டாக வெட்டிப் போட்டுப் பின்னிக் கொடுத்தார். நன்றாகத்தான் வந்திருந்தது. எந்தத் துண்டும் எங்கேயும் தானாகத் தீரவில்லை என்பது மட்டும் பார்க்கும்போதே தெரிந்தது.

குறையை விலையாக்கும் வித்தை நமக்குப் புதிதில்லை. 1950களின் கடைசியில் அமெரிக்கா போன மெட்ராஸ் கட்டம்போட்ட துணி, துவைக்கத் துவைக்கச் சாயம் விட்டு ஒரு கட்டத்தின் நிறம் பக்கத்துக் கட்டத்துக்குள் இறங்கியது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். பிறகு அதையே, சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம் தருகிறோம் என்று விளம்பரம் செய்து விற்றார்கள், விற்றும் போனது. கேட்கச் சுவையான கதை, நானும் சிரித்திருக்கிறேன். மெட்ராஸ் பக்கத்தில் அந்தத் துணியை நெய்தவரின் கூலியில் இந்தச் சாமர்த்தியம் ஒரு காசு ஏற்றியிருக்குமா என்று நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிக் கிடக்கிறது. அங்குள்ள கறுப்பினப் பெண்கள் ஒட்டுத் துணியில் தைத்த மெத்தை விரிப்புகள் 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் ஏறின. நவீன ஓவியத்தின் உச்சங்களோடு வைத்துப் பேசினார்கள். படங்களில் பார்க்கும்போது என் கண் நிற்கும் இடம் ஒன்று உண்டு. வயலில் உழைத்துத் தேய்ந்த நீலக் காற்சட்டைகளைப் பிரித்துச் சேர்த்த விரிப்புகளில், துணி முழுக்க வெளுத்திருக்க, பை தைத்திருந்த இடம் மட்டும் வெயில் படாமல் அடர் நீலமாகச் சதுரமாக நிற்கும். எந்தச் சாயக்காரரும் போடாத நீலம் அது. அந்தப் பகுதிப் பெண்கள் 1966-இல் ஒரு கூட்டுறவு அமைத்தார்கள். 1972-இல் சியர்ஸ் நிறுவனம் அவர்களுக்குக் கார்டுராய் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கொடுத்தது. எல்லா உறையும் ஒரே அளவு, ஒரே தையல், நிறமும் அங்கிருந்தே வரும்: தங்க மஞ்சள், அவகாடோ பச்சை, ஆரஞ்சு, செர்ரி சிவப்பு. தலையணை உறையில் யாருடைய கையும் தெரியவில்லை. வெட்டி மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீடுகளுக்குப் போயின, அங்கே ராத்திரிகளில் அந்த நாலைந்து நிறங்களைக் கொண்டு தைத்தவைதான் பின்னாளில் அருங்காட்சியகச் சுவருக்கு வந்தவற்றில் சில. பகலில் தைத்த கையும் ராத்திரி தைத்த கையும் ஒன்று, துணி ஒன்று. பகலில் நிறத்துக்குப் பக்கத்து நிறத்தை வேறொருவர் முடிவு செய்தார்.

இந்த இடத்தில் என் மேலேயே எனக்குச் சந்தேகம் வருகிறது. இல்லாமையைக் கொண்டாடுகிறேனா? மிச்ச வயரில் பின்னிய அக்காவுக்கு முழு ரோல் வாங்கக் காசு இருந்திருந்தால் முழு ரோலில்தான் பின்னியிருப்பார், சந்தோஷமாகவும் பின்னியிருப்பார். ஜீஸ் பெண்ட் பெண்கள் குளிருக்குத் தைத்தார்கள். பழைய காற்சட்டையில் நீலச் சதுரம் எனக்கு அழகு, அதை உடுத்தி வெயிலில் குனிந்தவருக்கு அது என்னவாக இருந்திருக்கும்? வறுமைதான் நல்ல நிறத்தைக் கொடுக்கும் என்று நினைப்பது அருவருப்பான எண்ணம். ஆனால் வசதி வந்தவர்கள் கையில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்கிறேன். இப்போது பின்னல் நூல் ஜோடி சேர்த்தே பொட்டலமாக வருகிறது; எதற்குப் பக்கத்தில் எது என்பதை யாரோ எங்கோ முடிவு செய்து, பிசகவே பிசகாத ஐந்து நிறங்களை அடுக்கித் தருகிறார்கள். ஒரே நூலில் நிறம் தானாக மாறிக்கொண்டு போகும் உருண்டைகளும் வந்துவிட்டன, கை ஓட்டினால் போதும். மாதிரிப் படத்தில் உள்ளதே மடியில் விளைகிறது. கெட்டிக்கார ஏற்பாடுதான், குறை சொல்ல வழியில்லை, அதுதான் எரிச்சலாகவும் இருக்கிறது. ஓர் உருண்டை பாதியில் தீர்ந்து, அதே எண் நிறத்தைக் கடையில் கேட்டால் வேறு லாட்டில் வந்தது அரை மாற்றுக் குறைந்து நிற்கும். இரண்டு உருண்டையிலிருந்தும் இரண்டிரண்டு வரிசை மாற்றி மாற்றிப் பின்னி அந்த மாற்றுத் தெரியாமல் மறைப்பார்கள் பழைய ஆட்கள். மறைப்பதற்காகச் செய்த அந்தக் காரியத்தில் துணிக்குள் ஒரு சின்ன அசைவு வந்துவிடும், ஒரே லாட்டில் பின்னியதில் அது இருக்காது. எனவே நான் தேடுவது வறுமையை இல்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். ஒரு நிறம் தீர்ந்துபோய், அடுத்து எது என்று அந்த நிமிஷத்தில் அந்தக் கையே முடிவெடுக்க வேண்டிவந்த இடத்தைத்தான். காசு இருந்தும் அப்படி ஓர் இடம் அமையக் கூடாதா?

அக்காவிடம் ஒரு கூடைக்குச் சொன்னேன், கலர் உங்கள் இஷ்டம் என்று. சந்தேகமாகப் பார்த்தார். "அப்புறம் நல்லா இல்லேன்னு சொல்லக் கூடாது." சொல்லமாட்டேன் என்றேன். சாயங்காலமே ஃபோன் வந்தது: "தம்பி, நெசமாவே என்ன கலர் வேணும்? மனசுல ஒண்ணு நெனச்சிருப்பீங்கல்ல?" நினைக்கவில்லை என்று சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. கடைசியில் வெள்ளை நிறுத்தி நீலம் ஓட்டிய கூடை வந்தது, நூறு வீடுகளில் தொங்கும் அதே கூடை. யாரும் குறை சொல்லாத ஜோடி. இத்தனை வருஷம் ஆர்டருக்குப் பின்னியவரிடம் திடீரென்று உங்கள் இஷ்டம் என்றால், இஷ்டம் எங்கிருந்து வரும்? அடுப்படிக் கூடையில் ஊதாவுக்குப் பக்கத்தில் பாட்டில் பச்சையை வைத்தபோது அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பின்னியபோது நான் இருந்தேன்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வயர் கூடையோ, குழந்தைக்குக் கம்பளித் தொப்பியோ, குரோஷா விரிப்போ, யாரிடமாவது சொல்லிச் செய்து வாங்குகிறீர்கள் என்றால் அளவைச் சொல்லுங்கள், கைப்பிடி எவ்வளவு நீளம் என்று சொல்லுங்கள், எந்தத் தேதிக்கு வேண்டும் என்று சொல்லுங்கள். நிறத்தைச் சொல்லாதீர்கள். முதல் தடவை நீலமும் வெள்ளையும்தான் வரும். வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த தடவையும் சொல்லாதீர்கள். மூன்றாவது தடவை வருவது உங்களுக்குப் பிடிக்காமல்கூடப் போகலாம். பேசிய காசைக் குறைக்காதீர்கள்.